எனப் படிக்கவும்

அத்தியாயம் 11

ஐந்தரைக்கு அலாரம் வைத்திருந்தான். அது அடிக்கும் முன்பே நிறுத்தினான். எழுந்து படுக்கையின் ஒரு பாதியைத் தட்டிச் சரி செய்தான். மறுபாதி கலைந்திருக்கவில்லை.

பல் தேய்த்தான். அடுப்பைப் பற்றவைத்தான். டீக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தான். ஐந்து மாதத்துக்கு முன்பும் இரண்டு டம்ளர்தான். அப்போது இரண்டாவது அவளுக்கு. இப்போது அவளுடைய அப்பாவுக்கு. அளவை மாற்றவேண்டி வரவில்லை.

சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு. டீயை வடிகட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

மாமா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, செருப்பும் போட்டாகிவிட்டது. வழக்கு மதியம் இரண்டே காலுக்கு.

"என்ன மாமா, இப்பவே கிளம்பிட்டீங்க?"

"முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் வேலை, மாப்ள. முதல் ட்ரிப் அஞ்சே கால். உடம்பு இன்னும் அந்த டைம்லயே ஓடுது, இறங்கவே மாட்டேங்குது."

டம்ளரை வாங்கிக்கொண்டு மடியில் இருந்த காகிதங்களை நீட்டினார். "இன்னிக்குக் கூடுதலா ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணுமாம். வக்கீலம்மா அனுப்பிவச்சாங்க. ஒரு தடவை பார்த்துடுங்க. உங்க கண்ணு பட்ட காகிதத்துல தப்பே இருக்காதுன்னு எம்பொண்ணு பெருமையா சொல்லும்."

அவன் வாங்கினான். முதல் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டான். மூன்றாம் பக்கத்தில் தேதி தவறு. திருத்தினான். ஒன்பதாம் பத்திக்கு வந்தபோது பேனா நின்றது.

‘என் மகள் உள்ளே கொண்டுசெல்லப்பட்டபோது, கடைசியாகத் தன் கணவரிடம், “அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறினார்.’

இதுவரை நடந்ததைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்காக நாலு வரி.

காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களை வாரிக்கொண்டிருந்த மாதத்தில் மாநில அரசு ஓர் ஆணை போட்டது. தனிமை வார்டில் நோயாளியுடன் யாரும் தங்கக் கூடாது. விலக்கு ஒன்றே ஒன்று: ‘அறுபது வயதைக் கடந்த மற்றும் பிறர் உதவியின்றி எழ இயலாத நோயாளியுடன் ஒருவர் உடனிருக்கலாம்.’

அவளுக்கும் காய்ச்சல் வந்தது. வயது இருபத்தொன்பது. படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. உதவியில்லாமல் எழ முடியாது. ஆனால் அறுபது ஆகவில்லை. ‘மற்றும்’ என்றால் இரண்டும் இருக்க வேண்டும் என்று வாசல் காவலர் சொல்லிவிட்டார். நான்காம் நாள் விடியற்காலையில் அவளைக் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். ஆக்ஸிஜன் குழாய் கட்டிலிலேயே இருந்தது. அழைப்பு மணி சுவரில், கை நீட்டினாலும் எட்டாத இடத்தில்.

மாமா மாநில அரசின் மேல் வழக்குப் போட்டார். மருமகன் அதே அரசின் சட்டத் துறையில், ஆணைகளின் அச்சுப்படியை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். அந்த ஆணையைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்டதே அவன்தான் என்பது தெரியாது. மூலத்தில் ‘மற்றும்’ இல்லவே இல்லை, ‘அல்லது’தான் இருந்தது என்பதும் தெரியாது.

அந்த ஒன்பதாம் பத்தியும் அவன் கைச்சரக்குதான். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாமா கேட்டார், "கடைசியா என்ன சொன்னா, மாப்ள?" கேட்ட மனிதருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுத்தான். அந்த ஒரு வரியை நம்பித்தான் மாமா தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கிறார். மகள் சொல்லிவிட்டுப் போனாளாம், மருமகன் பார்த்துக்கொள்கிறானாம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரத்தில் இப்போது அது அச்சாகி நிற்கிறது. அடிக்கப் பேனா கையில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா, மாப்ள?"

"சரி" என்றான்.

----

பிரிவுக் கண்காணிப்பாளருக்கு அரைப்புள்ளி என்று பெயர், அவர் இல்லாத இடங்களில். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார்.

"வாப்பா, உட்காரு. அவசர அரசிதழ் ஒண்ணு. பன்னெண்டுக்குள்ள அச்சுக்குப் போயாகணும். உன்கிட்ட குடுக்கக் கூடாதுதான், ஆனா வேற ஆளு..."

"லீவுங்களா சார்?"

"ஒருத்தர் லீவு. இன்னொருத்தருக்குக் கண் ஆபரேஷன். கண்ணை வச்சுப் பொழைக்கற பிரிவுல கண் ஆபரேஷன், பாரு. நான் வாசிக்கறேன், நீ..."

அந்தப் பிரிவில் வேலை எப்போதும் இரண்டு பேராகத்தான் நடக்கும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், கால்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லி. மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டிக்கொண்டே வரிக்கு வரி ‘சரி’ என்பார். சுருக்கொப்பம் போட வேண்டியவர் ‘சரி’ சொன்னவர்தான். வாசித்தவருக்குப் பொறுப்பில்லை.

அரைப்புள்ளி தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசிக்கும்போது மட்டும் அவர் வாக்கியங்கள் முடியும்.

"பிழைதிருத்தம். மேற்படி ஆணையின் நான்காம் பத்தியில், கால்புள்ளி, மேற்கோள், மற்றும், மேற்கோள் முடிவு, என்னும் சொல்லுக்குப் பதிலாக, கால்புள்ளி, மேற்கோள், அல்லது, மேற்கோள் முடிவு, எனப் படிக்கவும், முற்றுப்புள்ளி."

அவன் விரல் ‘அல்லது’வின் மேல் நின்றது.

"சரின்னு சொல்லுப்பா."

"சரி."

"இத்திருத்தம் மூல ஆணை வெளியிடப்பட்ட நாள் முதலே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும், முற்றுப்புள்ளி."

அவன் அந்த வரியை மறுபடி படித்தான்.

‘கருதப்படும்’ சட்டத்தில் சாதாரணச் சொல் இல்லை. அது விழுந்த இடத்தில் நடக்காதது நடந்ததாகிவிடும். இதில் சுருக்கொப்பம் விழுந்து அச்சாகிவிட்டால், ஐந்து மாதத்துக்கு முன் அந்தக் காலையில் ஆணையில் ‘அல்லது’தான் இருந்தது. அவளுடன் தங்க அவனுக்கு உரிமை இருந்தது. அவன்தான் தங்காமல் வந்துவிட்டான்.

"சார், அன்னிக்கு வாசல்ல ‘மற்றும்’னுதான் இருந்துச்சு."

"தெரியும்ப்பா."

"நான் பார்த்தேன் சார்."

"அதான் சொல்றேன். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கப்புறம் அன்னிக்கும் அது..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு சரிபார்த்ததுன்னு மேல கேட்டாங்க. அச்சகத்துல விழுந்த பிழைன்னு எழுதிக் குடுத்துட்டேன். உனக்கு ஏற்கெனவே ஒரு... அதுக்கு மேல இது எதுக்குன்னுதான். உன் பேரு எங்கயும்..."

நல்ல மனிதர். அதுதான் சங்கடம். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்த ஆணையை அவன் சரிபார்த்தது அலுவலகத்தில் இல்லை. ஊரடங்கு. ஜோடி ஆளுக்குக் காய்ச்சல். ஆகவே வீட்டில், சமையலறை மேசையில், அவளை வாசிக்கச் சொன்னான். மழலைப் பள்ளி ஆசிரியை, வாசிப்பதென்றால் கரும்பு. மாவுக்கட்டுக் காலை எதிர் நாற்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்குக் கதை சொல்கிற குரலில் அரசு ஆணையை வாசித்தாள். அலுவலக வழக்கத்தை அரைமணியில் பிடித்துக்கொண்டு அவனையே கலாட்டா செய்தாள்.

"சாப்பிட வரீங்களா, கேள்விக்குறி."

"இந்தப் பக்கம் முடியட்டும்."

"சோறு ஆறுது, கால்புள்ளி, நான் எழுந்து பரிமாற முடியாது, கால்புள்ளி, காலு இந்த லட்சணத்துல இருக்கு, முற்றுப்புள்ளி."

அன்றைக்கு வந்திருந்த ஆணைகள் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு பக்கம், இது கடைசியில். முப்பதாவது பக்கத்துக்கு மேல் ‘சரி’ என்பது மூச்சு மாதிரி தானாக வரும். அவள் ‘அல்லது’ என்று வாசித்தாள். அவன் காது ‘அல்லது’ என்று கேட்டது. கண் ‘மற்றும்’ என்று பார்த்தது. வாய் ‘சரி’ என்றது.

இது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆணை வந்த பத்தாம் நாள், வாசலில் வைத்துத் தெரிந்தது.

"என்னப்பா, மணி பதினொண்ணு நாப்பது..." என்றார் அரைப்புள்ளி.

"சரி" என்று சொல்லிச் சுருக்கொப்பம் போட்டான். மதியம் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான். எதற்கு என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினான்.

----

நீதிமன்ற வராந்தாவில் மாமா ஓர் ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அருகில் போனபோதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. சீருடை இல்லாமல் இளைத்துப் போயிருந்தார். மருத்துவமனை வாசல் காவலர்.

"சார், வணக்கம். என்னை ஞாபகம் இருக்கா?"

அவன் தலையாட்டினான்.

"வேலையை விட்டுத் தூக்கப்போறாங்களாம் சார். கம்பெனியில போன் பண்ணிச் சொல்றாங்க. நான் ஆணையைத் தப்பாப் படிச்சுட்டேனாம்." கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அந்த ஆணையின் பக்கம், மூலைகள் மடங்கி, மடிப்புகள் வெளுத்து. "இதைக் கழுத்துல மாட்டிட்டுத்தான் மூணு மாசம் நின்னேன். படிச்சுப் படிச்சு மனப்பாடமே ஆயிடுச்சு. என்ன எழுதியிருந்துச்சோ அதைத்தானே சார் படிச்சேன்? நீங்களே சொல்லுங்க. ‘மற்றும்’னுதானே இருக்கு?"

இருந்தது. கறுப்பு எழுத்தில், கட்டை விரல் அழுக்குக்குக் கீழே.

"இருக்கு" என்றான்.

"அதை உள்ள வந்து ஜட்ஜுகிட்ட சொல்லுவீங்களா சார்?"

அதற்குள் டவாலி வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே எல்லாம் ஏழு நிமிடம். அரசு வழக்கறிஞர் எழுந்து அரசிதழை நீட்டினார். பிழை அச்சகத்தில் நேர்ந்தது, அரசு நன்னம்பிக்கையில் உடனே திருத்திவிட்டது, திருத்தம் முதல் நாளிலிருந்தே செல்லும் என்றார்.

"அப்படியானால் அன்றைக்குக் கணவர் உள்ளே போயிருக்கலாம்?" என்று நீதிபதி கேட்டார்.

"தாராளமாக. சட்டப்படி தடையே இல்லை. தடுத்தது ஒப்பந்த நிறுவனத்தின் காவலர். அவர் மேல் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது. கணவரும் மேற்கொண்டு வற்புறுத்தாமல் திரும்பிவிட்டார் என்று தெரிகிறது."

வக்கீலம்மா எழுந்தார். மெலிந்த உடம்பு, கனத்த குரல். "இந்தக் காகிதத்தில் மை இன்னும் காயவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் அச்சானதை, ஐந்து மாதத்துக்கு முன் வாசலில் நின்ற ஒருவர் எப்படிப் படித்திருப்பார்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதிக்கும் உதடு லேசாக அசைந்தது.

"சட்டம் கருதச் சொன்னால் நாங்களும் கருதித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் வாசலில் நடந்தது எனக்குத் தெரிய வேண்டும். கணவர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யட்டும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், வார்த்தை மாறாமல். காவலரும் அப்படியே. இரண்டு வாரம்."

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

----

வெளியே மரப்பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மாமா நடுவில். செருப்பு முனையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உள்ள போயிருக்கலாமாமே, மாப்ள."

"இப்பத்தான் மாமா அப்படிச் சொல்றாங்க."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலை. அரசாங்கமே சொல்லுதேன்னு கேக்கறேன். என் வண்டியில டிக்கெட் இல்லாதவன் எவ்வளவு சண்டை போடுவான் தெரியுமா? இறங்குடான்னா சட்டையப் புடிப்பான். உங்ககிட்ட டிக்கெட் இருந்துச்சாமே." குரல் உயரவில்லை. "டிக்கெட்டை வச்சுக்கிட்டே இறங்கி வந்துட்டீங்களே."

சொல்ல ஒரே பதில்தான் உண்டு. அன்றைக்கு டிக்கெட் இல்லை மாமா, அச்சடித்த இடத்தில் நான்தான் கோட்டை விட்டேன். சொன்னால் காவலருக்கு வேலை மிஞ்சும். மாமாவுக்கு? மருமகன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருப்பது போகும். ஒன்பதாம் பத்தியும் கூடவே போகும்.

காவலர் குறுக்கிட்டார். "சாரும் கேட்டுப் பார்த்தாருங்க ஐயா. சும்மா போயிடலை. நான்தான் ஆணையைப் படிச்சுக் காட்டினேன். உரக்கப் படிச்சேன், அந்த அம்மாவுக்கும் கேக்கட்டும்னு. அதைக் கேட்டதும் சார் அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை பேசலை."

"நின்னுட்டாரா?"

"ஆமாங்க. அந்த அம்மாதான், வீல் சேர் உள்ள போறப்ப, திரும்பி ஏதோ கேட்டாங்க. எனக்கு வெளங்கலை."

"அப்பாவைப் பார்த்துக்கச் சொன்னா" என்றார் மாமா. "என்னைத்தான். அதைப் பத்திரத்துல எழுதியாச்சு."

காவலர் மாமாவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அப்படிங்களா" என்றார். "ஏதோ கேள்வி கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் சரியாக் காதுல விழலையோ என்னவோ."

வக்கீலம்மா கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாலைந்து வெள்ளைத்தாள், ஒரு பேனா.

"தம்பி, உட்கார்ந்த இடத்துலயே எழுதிடுங்க. வீட்டுக்குப் போனா மனசு கண்டதையும் சேர்க்கும். வாசல்ல நடந்தது மட்டும். காவலர் சொன்னது, நீங்க சொன்னது, அவங்க சொன்னது."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணு. அவங்க கடைசியா சொன்னது உங்க மாமா பத்திரத்துல இருக்கறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். இல்லேன்னா எதிர்த்தரப்பு அதையே புடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க. ஒப்பிட்டுப் பார்க்கறது உங்களுக்குக் கத்துத்தரணுமா."

போய்விட்டார். காவலர் உறையிலிருந்து ஆணையை எடுத்து, அவன் தொடைமேல் வைத்தார். "பார்த்து எழுதிக்குங்க சார்."

ஒரு பக்கம் ஆணை. ஒரு பக்கம் மாமாவின் பத்திரம், ஒன்பதாம் பத்தி மேலே தெரியும்படி. நடுவில் வெற்றுத்தாள்.

எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும் போல் வரிசையாக, கோணாமல் வந்தது. தேதி. நேரம், காலை பத்து இருபது. மருத்துவமனையின் பின்வாசல். என் மனைவி தள்ளுநாற்காலியில் இருந்தார். அவரால் எழ முடியாது என்று நான் கூறினேன். காவலர் ஆணையின் நான்காம் பத்தியை வாசித்துக் காட்டினார். வாசித்ததில் இருந்த சொல் ‘மற்றும்’.

அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டான்.

அதன் பிறகு நான் பேசவில்லை, என்று எழுதினான். தள்ளுநாற்காலி கதவைத் தாண்டும்போது என் மனைவி திரும்பிப் பார்த்து

பேனா நின்றுவிட்டது.

"என்ன மாப்ள?" மாமா எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. "அந்த எடம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா."

"எழுதுங்க. அப்பாவைப் பார்த்துக்கோங்கன்னா. எழுதுங்க."

காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

அவள் முகக்கவசத்தைக் கீழே இழுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை, பயம்கூட இல்லை. சமையலறை மேசையருகே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வரியில் சந்தேகம் வந்த மாதிரி புருவத்தைச் சுருக்கி, அவனிடம் கேட்டாள்:

"நான் ‘அல்லது’ன்னுதானே வாசிச்சேன்?"